நடைப்பொறியும் அலகுக் கணக்கும்

‘மூன்று’ என்று ஒருவர் சொன்னால், கேட்பவர் ‘எது மூன்று?’ என்றே வினவுவார். மூன்று மாம்பழமா, மூன்று மூடை நெல்லா, மூன்று நாட் பயணமா என்பது தெரியாதவிடத்து அந்தச் சொல்லால் எவருக்கும் பயனில்லை. சந்தையிலே இவ்வுண்மையை எவரும் மறப்பதில்லை. விலை கேட்கும்போது கிலோவுக்கு எவ்வளவு என்று கேட்டுத் தெரிந்துகொண்டே பணத்தை எடுக்கின்றனர். ஆனால் பொறியொன்று கண்ணாடித் திரையிலே எண்ணொன்றைக் காட்டுமாயின், படித்தவரும் அவ்வினாவைக் கேளாது விட்டுவிடுகின்றனர். பொறி சொல்லிவிட்டது, ஆகவே அது நிறைவான செய்தி என்று கருதிவிடுகின்றனர்.

இக்காலத்து வீடுகள் பலவற்றில் இடம்பெற்றுள்ள நடைப்பொறியை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். மக்கள் வழக்கில் ‘ட்ரெட்மில்’ எனப்படுவது இதுவே. இரண்டு உருளைகளின்மேல் அகன்ற பட்டியொன்று மோட்டாரின் விசையால் ஓடிக்கொண்டிருக்கும். அதன்மேல் நிற்பவர் பட்டி பின்னோக்கிச் செல்லும் வேகத்திற்கு ஒப்ப முன்னோக்கி நடத்தல் வேண்டும். நடப்பவர் இருந்த இடத்திலேயே இருப்பார்; கால்களோ வழி நடந்த பயனைப் பெறும்.

இப்பொறியின் வரலாறு விந்தையானது. 1818ஆம் ஆண்டிலே இங்கிலாந்தின் பொறியியலாளர் வில்லியம் கியூபிற் என்பார் சிறைக் கைதிகளுக்கென மிதிசக்கரம் ஒன்றை அமைத்தார். பெரிய சக்கரத்தின் படிகளிலே கைதிகள் மணிக்கணக்காக ஏறிக்கொண்டேயிருத்தல் வேண்டும். தண்டனையாகப் பிறந்த அப்பெயர் பின்னர் மருத்துவத்திற்குப் பயன்படலாயிற்று. அமெரிக்காவின் சியாற்றில் நகரிலே, வொஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வைத்தியர் றொபேட் புறூஸ் நோயாளரை ஓடும் பட்டியின்மேல் நடக்கச் செய்து இருதயத்தின் இயக்கத்தைப் பதிவு செய்யும் சோதனையை வகுத்தார். 1963ஆம் ஆண்டிலே வெளியான அவரது முறை இன்றும் வைத்தியசாலைகளிலே வழங்கி வருகின்றது. 1968ஆம் ஆண்டிலே கெனத் கூப்பர் என்னும் வைத்தியர் உடற்பயிற்சி பற்றி எழுதிய நூலைப் படித்த வில்லியம் ஸ்ரோப் என்னும் பொறியியலாளர், சாதாரண மக்கள் வீட்டிலே வைத்துப் பயன்படுத்தக்கூடிய நடைப்பொறியை உருவாக்கினார். சிறையிலே தொடங்கிய பொறி வைத்தியசாலை வழியாக வீட்டு விறாந்தைக்கு வந்து சேர்ந்தது.

அது வரும்போது தன்னோடு இரண்டு அளவு முறைகளையும் கொண்டு வந்தது. அவை மைலும் கிலோமீற்றரும் ஆகும். மைல் என்பது உரோமர் ஆயிரம் இரட்டை அடிவைப்பை அளவாகக் கொண்டு வழங்கிய தூரத்திலிருந்து வந்தது. 1593ஆம் ஆண்டிலே இங்கிலாந்தின் பாராளுமன்றம் அதனை 5,280 அடி என வரையறுத்தது. 1959ஆம் ஆண்டிலே அமெரிக்கா, பிரித்தானியா முதலிய நாடுகள் செய்துகொண்ட உடன்பாட்டின்படி ஒரு யார் 0.9144 மீற்றர் என்று முடிவாயிற்று. ஆதலின் ஒரு மைல் 1,609.344 மீற்றராகும். மீற்றரோ பிரான்சிலே பிறந்தது. வடமுனையிலிருந்து பாரிஸ் வழியாகப் பூமத்தியரேகை வரையுள்ள தூரத்தின் கோடியில் ஒரு பங்கே மீற்றர் என 1791ஆம் ஆண்டிலே வகுக்கப்பட்டது. இன்று உலகின் பெரும்பாலான நாடுகள் மீற்றரைக் கைக்கொள்கின்றன. ஆயினும் அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் வீதிப் பலகைகள் மைலையே காட்டுகின்றன. அந்நாடுகளின் சந்தையை நோக்கிச் செய்யப்பட்ட நடைப்பொறிகள் பலவும் மைலிலேயே பேசும்.

ஈழநாட்டார்க்கு இவ்விரண்டும் புதியன அல்ல. முதியோர் இன்றும் தூரத்தைக் ‘கட்டை’ என்றே சொல்லக் கேட்கலாம். வீதியோரத்து மைற்கல்லே அந்தக் கட்டை. கண்டி–யாழ்ப்பாண நெடுஞ்சாலையிலே கிளிநொச்சியில் 155ஆம் கட்டை என்பது இடப்பெயராகவே நிலைத்துவிட்டது. இலங்கையின் சட்டப்படியான அளவு முறை இன்று மீற்றர் முறையே. 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் சட்டம் சர்வதேச அலகுகளையே அடிப்படையாகக் கொண்டது. எனினும் இடப்பெயரிலே மைல் வாழ்கின்றது. 155 மைல் ஏறத்தாழ 249 கிலோமீற்றர். அந்த 155ஐக் கிலோமீற்றர் எனக் கொள்பவர் தொண்ணூறு கிலோமீற்றருக்கு மேல் வழி தவறுவார்.

இத்தவறு வீட்டினுள்ளே நேர்ந்தால் என்னாகும் என்பதற்கு, யாழ்ப்பாணத்துக் குடும்பமொன்றைக் கற்பனை செய்து பார்க்கலாம்.

ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் ஒருவர், வயது அறுபத்தெட்டு. நீரிழிவு நோயுடையவர். நாள்தோறும் அரை மணித்தியாலம், மணிக்கு ஐந்து கிலோமீற்றர் வேகத்தில், வாரத்தில் ஐந்து நாள் நடக்குமாறு வைத்தியர் கூறினார். உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டிலே வெளியிட்ட வழிகாட்டியும் வளர்ந்தோர்க்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலியக்கம் வேண்டுமென்றே கூறுகின்றது. ஐந்து முப்பது நூற்றைம்பது என்பதால் வைத்தியர் சொன்ன அளவு அதற்கு இயைந்ததே. இலண்டனிலுள்ள மகன் தான் பயன்படுத்திய நடைப்பொறியைக் கப்பலிலே அனுப்பிவைத்தார். முதியவர் பொறியின் வேகத்தை ஐந்தில் வைத்தார். நடக்க இயலவில்லை. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஓட வேண்டியதாயிற்று. மூச்சு வாங்கியது. நான்கு நாள் முயன்றபின், ‘வைத்தியர் சொன்ன சாதாரண நடைகூட என்னால் முடியவில்லை, இருதயம் தளர்ந்துவிட்டது போலும்’ என்று மனம் சோர்ந்தார். பின்னர் வேகத்தை மூன்றுக்குக் குறைத்தார். அது இயல்பாயிருந்தது. ஆனால் தாம் நோயாளியாகிவிட்டதாகவே எண்ணினார்.

அயற்றெருவிலே அவருடைய தங்கையார் வசித்தார். அவருக்கும் நீரிழிவு; அவர் வீட்டிலும் நடைப்பொறி ஒன்று கொழும்பில் வாங்கியது இருந்தது. ‘மூன்றிலே வைத்து நட, தங்கச்சி, நம் வயதுக்கு அது போதும்’ என்றார் தமையனார். தங்கையாரும் மூன்றிலே வைத்து அரை மணித்தியாலம் தவறாது நடந்தார். மூன்று மாதமாகியும் இரத்தத்திலே சீனியின் அளவு எதிர்பார்த்தபடி குறையவில்லை. ‘அண்ணனுக்குப் பலித்த நடை எனக்குப் பலிக்கவில்லையே’ என்று அவரும் வருந்தினார்.

இருவர் திரையிலும் வேகம் மூன்று. அரை மணித்தியால முடிவில் இருவர் திரையிலும் தூரம் ஒன்றரை. ஆனால் இருவரும் நடந்த வழி ஒன்றன்று.

ஒன்பதாம் வகுப்பிலே பயிலும் பேர்த்தி ஒருநாள் பொறியைப் பார்த்துக் கேட்டாள்: “அப்பப்பா, இந்த மூன்று என்ன மூன்று?”

“வேகம் மூன்று, பிள்ளை.”

“மூன்று மைலா, மூன்று கிலோமீற்றரா?”

முதியவரிடம் விடையில்லை. திரையிலே வேகம் என்ற சொல் இருந்தது, அலகு இல்லை. பொறியோடு வந்த கைந்நூலும் இலண்டனிலே தங்கிவிட்டது.

இவ்விடத்தில் நுட்பமான உண்மையொன்றை உணர்தல் வேண்டும். தூரத்தையும் நேரத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தால் அலகு தெரிந்துவிடுமே எனச் சிலர் கருதுவர். வேகம் ஐந்து என்று காட்டும் பொறி பன்னிரண்டு நிமிடத்திலே தூரம் ஒன்று என்று காட்டும். கணக்கு ஒத்துவிட்டது என மகிழ்வதற்கு அதிலே ஒன்றுமில்லை. மணிக்கு ஐந்து மைலாயின் பன்னிரண்டு நிமிடத்தில் ஒரு மைல்; மணிக்கு ஐந்து கிலோமீற்றராயின் பன்னிரண்டு நிமிடத்தில் ஒரு கிலோமீற்றர். இரு வகையிலும் திரை காட்டுவது ‘ஒன்று’ என்பதையே. பொறி தனக்குத்தானே கூறும் சாட்சி எப்பொழுதும் ஒத்தே வரும். ஆதலின் வெளியிலிருந்து ஒரு சாட்சி வேண்டும். அச்சாட்சி அளவு நாடாவும் கடிகாரமுமே.

பேர்த்தி செய்தது இதுதான். முதலில் மின்னிணைப்பை முற்றாக நீக்கினாள். பட்டியின் ஓரத்திலே வெண்கட்டியால் தடித்த கோடொன்று இட்டாள். அக்கோட்டிலிருந்து அளவு நாடாவால் ஐம்பது சென்ரிமீற்றர் அளந்து சிறு புள்ளி வைத்தாள். அப்பப்பா பட்டியைக் கையால் மெல்லத் தள்ளிக்கொடுக்க, மேலே வந்த பகுதியை மீண்டும் ஐம்பது ஐம்பதாக அளந்து சென்றாள். ஐந்து முறை அளந்தபின் எஞ்சியது முப்பது சென்ரிமீற்றர். அப்பால் முதலிட்ட கோடு தோன்றிவிட்டது. ஆகவே பட்டியின் முழுச் சுற்றளவு 280 சென்ரிமீற்றர், அஃதாவது 2.8 மீற்றர்.

அடுத்து இணைப்பைக் கொடுத்து, வேகத்தை மூன்றிலே வைத்து, முதியவர் நடக்கலானார். பேர்த்தி பொறியைத் தொடாமல் பக்கத்தே நின்று கடிகாரத்தோடு கோட்டை நோக்கினாள். கோடு முன்னுருளையிலிருந்து வெளிப்பட்ட கணத்தில் ‘பூச்சியம்’ என்று எண்ணத் தொடங்கினாள். இது முக்கியம். ‘ஒன்று’ என்று தொடங்குபவர் ஒரு சுற்றை இல்லாமலே எண்ணிவிடுவார். முப்பது என்று சொல்லும்போது கடிகாரம் 63 செக்கனைக் காட்டிற்று.

இனிக் கணக்கு எளிது. முப்பது சுற்று, சுற்றுக்கு 2.8 மீற்றர், மொத்தம் 84 மீற்றர். 84 மீற்றரை 63 செக்கனால் வகுத்தால் செக்கனுக்கு 1.33 மீற்றர். ஒரு மணித்தியாலத்தில் 3,600 செக்கன். ஒரு கிலோமீற்றரில் 1,000 மீற்றர். ஆகவே செக்கனுக்கு இத்தனை மீற்றர் என்பதை 3.6ஆற் பெருக்கினால் மணிக்கு இத்தனை கிலோமீற்றர் என்பது வரும். பெருக்கக் கிடைத்தது 4.8. மூன்று மைல் 4.83 கிலோமீற்றர் என்பதை நேயர்கள் நினைவிற் கொள்க. பொறியின் மூன்று, மூன்று மைலே.

முதியவரின் நான்கு நாட் சோர்வுக்கும் விளக்கம் கிடைத்தது. அவர் ஐந்து கிலோமீற்றர் என எண்ணி வைத்த வேகம் ஐந்து மைல். அது மணிக்கு எட்டுக் கிலோமீற்றருக்குச் சற்று மேல். மணிக்கு ஏழு கிலோமீற்றரைக் கடந்தபின் பெரும்பாலோர் நடக்க இயலாது ஓடத் தொடங்குவர். அவர் நடையில் தோற்கவில்லை. ஓட்டத்திலே நான்கு நாள் நின்றுபிடித்தார். மூன்றிலே நடந்தபோது வைத்தியர் சொன்ன வேகத்தை ஏறத்தாழ எட்டியேயிருந்தார். இருதயத்தின்மேற் சுமத்திய பழி அலகின்மேற் சுமத்த வேண்டியதாயிருந்தது. இதனை வேடிக்கையாக எண்ணிவிடலாகாது. நோயுற்ற முதியவர் அறியாமல் எட்டுக் கிலோமீற்றர் வேகத்தில் ஓடுவது உயிருக்கே தீங்காகலாம். தடுக்கி விழுவோரும் உளர்.

தங்கையார் வீட்டுப் பொறியையும் பேர்த்தி அவ்வாறே அளந்தாள். அங்கும் பட்டி 2.8 மீற்றர். மூன்றிலே முப்பது சுற்றுக்குச் சென்றது 101 செக்கன். செக்கனுக்கு 0.83 மீற்றர், மணிக்கு மூன்று கிலோமீற்றர். தமையனார் அரை மணித்தியாலத்தில் ஒன்றரை மைல், அதாவது 2,414 மீற்றர் நடந்தார். தங்கையார் நடந்தது 1,500 மீற்றர். நாளொன்றுக்கு 914 மீற்றர் குறைவு. ஐந்து நாளில் நாலரைக் கிலோமீற்றருக்கு மேற் குறைவு. தமையனார் அன்போடு சொன்னது பொய்யன்று, அரைச் செய்தி. எண்ணைச் சொன்னார், அலகைச் சொல்லவில்லை. தங்கையார் தம் வைத்தியரிடம் உண்மையான வேகத்தைச் சொல்லி, அவர் இசைவோடு சிறிது சிறிதாகக் கூட்டிக்கொள்ளலானார்.

இவ்வளவுக்கு மிக நுண்ணிய கருவி வேண்டுமோ என்று எவரும் அஞ்ச வேண்டியதில்லை. கடிகாரத்திலே ஒரு செக்கன் பிழைத்தால் கணக்கிலே நூற்றுக்கு ஒன்றரை அளவே பிழைக்கும். மைலுக்கும் கிலோமீற்றருக்கும் உள்ள வேறுபாடோ நூற்றுக்கு அறுபது. ஆகவே வீட்டிலுள்ள நாடாவும் சுவர்க் கடிகாரமும் போதும். பட்டி வெறுமையாக ஓடும்போது அளத்தலினும், ஒருவர் நடக்கும்போது அளத்தலே சிறந்தது. கால் ஊன்றும்போது பட்டி சற்றுத் தாமதிப்பதுண்டு. ஓடும் பட்டியைக் கையால் தொடலாகாது. சிறு பிள்ளைகளை அருகே விடலாகாது. பொறியை நிறுத்தும் பாதுகாப்புத் திறப்பை நடப்பவர் தம் உடையிலே கொளுவியிருத்தல் வேண்டும்.

அலகைக் கண்டறிந்தபின் மாற்றிக்கொள்ளும் வழி எளிது. ஐந்து மைல் எட்டுக் கிலோமீற்றர் என்று நினைவிற் கொண்டாற் போதும். மைலை எட்டாற் பெருக்கி ஐந்தால் வகுத்தால் கிலோமீற்றர். கிலோமீற்றரை ஐந்தாற் பெருக்கி எட்டால் வகுத்தால் மைல். இதனால் எட்டுக் கிலோமீற்றரில் 47 மீற்றரே பிழைக்கும். பல பொறிகளிலே மைலைக் கிலோமீற்றராக மாற்றும் ஏற்பாடும் உண்டு. அது பொறிக்குப் பொறி வேறுபடுமாதலின் கைந்நூலைப் பார்த்துச் செய்தல் வேண்டும். மாற்றியபின் மீண்டும் ஒருமுறை அளந்து பார்ப்பது நன்று.

வேறு மூன்று இடங்களிலும் கணக்கு வழுக்குவதுண்டு. முதலாவது, வேகத்திற்குப் பதிலாக ஒரு கிலோமீற்றருக்கு எத்தனை நிமிடம் என்று காட்டும் முறை. மணிக்கு 4.8 கிலோமீற்றர் நடப்பவர்க்கு அறுபதை 4.8ஆல் வகுக்க 12.5 நிமிடம் வரும். அது பன்னிரண்டு நிமிடம் முப்பது செக்கன். பன்னிரண்டு நிமிடம் ஐம்பது செக்கன் அன்று. பத்தின் பங்கும் அறுபதின் பங்கும் வேறு வேறு. இரண்டாவது, சராசரி வேகம். ஒரு கிலோமீற்றரை மணிக்கு நான்கு வீதமும் அடுத்ததை மணிக்கு ஆறு வீதமும் நடந்தவரின் சராசரி ஐந்து எனப் பலர் சொல்வர். முதற் கிலோமீற்றருக்குப் பதினைந்து நிமிடம், அடுத்ததற்குப் பத்து. இருபத்தைந்து நிமிடத்தில் இரண்டு கிலோமீற்றர் என்றால் மணிக்கு 4.8தான். மெல்ல நடந்த பகுதியிலே கூடிய நேரம் கழிந்ததே காரணம்.

மூன்றாவது, சரிவு. பொறியை முன்புறம் உயர்த்தி ஏற்றம் போலாக்கும்போது திரையிலே ‘பத்து’ என்று காட்டினால் அது பெரும்பாலும் பத்துப் பாகையைக் குறிப்பதன்று. நூறு மீற்றர் கிடைத்தூரத்திற்குப் பத்து மீற்றர் உயர்வைக் குறிப்பது. அக்கோணம் ஏறத்தாழ ஆறு பாகைக்குள்ளேயே அடங்கும். முன்னர்க் கூறிய வைத்தியர் புறூசின் சோதனை இவ்விரண்டையும் ஒருங்கே காட்டுவது. அதன் முதற் கட்டம் வேகம் 1.7, சரிவு பத்து. அந்த 1.7 மைல், கிலோமீற்றரிற் சொன்னால் 2.7. அலகறியாமல் வீட்டிலே அதனைச் செய்து பார்ப்பவர் சோதனையையே வேறாக்கிவிடுவார். அது வைத்தியர் அருகிலிருக்கச் செய்ய வேண்டிய சோதனை என்பதையும் மறத்தலாகாது.

அலகை விட்டுவிடுதல் பாமரர்க்கே உரிய குறை என்றும் எண்ணவேண்டா. அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய நாசா 1998ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் செவ்வாய்க் கிரகத்தை நோக்கிக் கலமொன்றை ஏவியது. அதன் உந்துவிசைக் கணக்கை ஒரு சாரார் இறாத்தல் அலகிலே கொடுத்தனர். மறுசாரார் அதனை நியூற்றன் அலகெனக் கொண்டனர். ஒன்றுக்கொன்று நான்கரை மடங்கு வேறுபாடு. 1999ஆம் ஆண்டு செப்ரெம்பர் 23ஆந் திகதி கலம் செவ்வாயை அடைந்தபோது குறித்ததினும் மிகத் தாழ்ந்து சென்று அழிந்தது. எண்கள் பிழையல்ல, எண்களோடு செல்ல வேண்டிய சொல் கூடச் செல்லவில்லை.

பள்ளியிலே ஆசிரியர்கள் விடைத்தாளில் அலகு எழுதாதவிடத்துப் புள்ளியைக் குறைக்கும்போது, ‘விடை சரிதானே, ஒரு சொல்லுக்காகவா குறைக்க வேண்டும்?’ என்று பிள்ளைகள் முறையிடுவர். பெற்றோரும் சில வேளைகளில் அவர்களோடு சேர்ந்துகொள்வர். அந்த ஒரு சொல்லே நடைக்கும் ஓட்டத்திற்கும் இடையிலுள்ள வேறுபாடு; மருந்துக் குப்பியிலே அது மில்லிலீற்றருக்கும் கரண்டிக்கும் இடையிலுள்ள வேறுபாடு. நாள்தோறும் நடப்போர் ஒரு குறிப்பேட்டிலே திகதி, நேரம், தூரம் ஆகியவற்றை எழுதி, ஒவ்வோர் எண்ணின் பக்கத்திலும் அதன் அலகையும் எழுதி வருவாராயின், வைத்தியர் அதனைப் பார்த்து உண்மையை அறிவார். வேறொருவர்க்கு அறிவுரை சொல்லும்போதும் முழுச் செய்தியாகச் சொல்லலாம். வீட்டிலே அந்தக் கணக்கைச் செய்து பார்க்க, வகுப்பிலே நேரம், தூரம், வேகம் படிக்கும் பிள்ளை ஒன்று இருந்தால் அப்பிள்ளையிடமே நாடாவைக் கொடுத்தல் நன்று. பாடநூலிலே ஓடும் புகைவண்டியைவிட, அப்பப்பாவின் காலடியிலே ஓடும் பட்டி கணக்கை நன்றாகக் கற்பிக்கும்.